லாரியின் பின் பிரேக்கை மாற்றலாமா?

செஞ்சி என்றதும் ராஜா தேசிங்கு நினைவுக்கு வருவான். யாருக்கும் அடங்காத டில்லி பாதுஷாவின் குதிரையை அவன் அடக்கிய கதையைக் கேட்காதவர் உண்டா?

அந்தக் குதிரையை ஓட வைக்க வீரன் தேவைப்படவில்லை. அது தானாகவே ஓடியது. அதை நிறுத்தத்தான் வீரன் தேவைப்பட்டான்!

1714-ம் ஆண்டு தேசிங்கு போரில் மாண்டான். இன்று ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, திண்டிவனம் – திருவண்ணாமலை சாலையில் லாரிகள் ஓடுகின்றன. நெல் மூட்டையும் கருங்கல்லும் ஏற்றிக்கொண்டு இரவும் பகலும் ஓடுகின்றன.

இந்த இரும்புக் குதிரையை நிறுத்துவது பிரேக்.

"மோட்டார் சைக்கிளுக்கே டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. லாரியின் பின் சக்கரத்தில் இன்னும் டிரம் எதற்கு? கழற்றிவிட்டு டிஸ்க் மாட்டினால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால், அவசரப்பட்டுச் செய்யக்கூடிய காரியம் அல்ல.

இரண்டுக்கும் ஒரே வயது

டிரம் என்பது கவிழ்த்த சட்டி போன்ற இரும்புக் கூடு. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும். அதன் உள்ளே பிறை வடிவத்தில் இரண்டு 'ஷூ'க்கள் இருக்கும். அவற்றின் மேல் 'லைனிங்' ஒட்டப்பட்டிருக்கும். பிரேக்கை மிதித்தால் ஷூக்கள் விரிந்து, கூட்டின் உட்புறத்தை உரசும். சக்கரம் நிற்கும்.

டிஸ்க் என்பது தோசைக்கல் போன்ற வட்டத்தட்டு. சூடான பாத்திரத்தை இடுக்கி பிடிப்பதுபோல், இரண்டு பக்கமும் 'பேடு'கள் அதைக் கவ்விப் பிடிக்கும்.

டிஸ்க் புதிய சரக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. 1902-ம் ஆண்டு பிரான்சில் லூயி ரெனால்ட் டிரம் பிரேக்கைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு இங்கிலாந்தில் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1953-ம் ஆண்டு லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரக் கார் பந்தயத்தில், டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்றது. அதன் பிறகே உலகம் டிஸ்க்கைத் திரும்பிப் பார்த்தது.

சூடுதான் எதிரி

உள்ளங்கைகளைச் சேர்த்துத் தேய்த்தால் சுடுகிறது. பிரேக்கிலும் அதுவே நடக்கிறது. வண்டியின் வேகம் முழுவதும் சூடாக மாறுகிறது. வேகம் இரண்டு மடங்கு ஆனால், சூடு நான்கு மடங்கு ஆகும்!

டிரம் மூடிய கூடு. சூடு எளிதில் வெளியேறாது. சூடு ஏறினால் கூடு விரியும். ஷூவை விட்டு விலகிப்போகும். லைனிங்கும் பிடிப்பை இழக்கும். டிரைவர் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது.

டிஸ்க் காற்றில் திறந்திருக்கிறது. சீக்கிரம் ஆறும். தட்டு விரிந்தாலும் பேடை நோக்கியே விரியும். ஆகவே தொடர்ந்து மிதிக்க வேண்டிய இடத்தில் டிஸ்க்தான் மேல். இதில் சந்தேகம் இல்லை. ஐரோப்பாவில் 1990-களிலிருந்து பெரிய லாரிகளுக்கு டிஸ்க் வந்துவிட்டது. நம் நாட்டுச் சரக்கு லாரிகளில் பெரும்பாலும் டிரம்தான் இருக்கிறது. விலை குறைவு, எந்த ஊர்ப் பட்டறையிலும் லைனிங் மாற்றலாம் என்பதே காரணம்.

மாட்டிவிட்டால் போதுமா?

போதாது! பிரேக் என்பது ஒரு சக்கரத்தின் சமாசாரம் அல்ல. முன்னும் பின்னும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும்.

டிரம்மில் சக்கரத்தின் சுழற்சியே ஷூவை இழுத்து இன்னும் இறுக்கும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. அதிக அழுத்தம் வேண்டும். பழைய குழாய்களையும் வால்வுகளையும் வைத்துக்கொண்டு டிஸ்க்கை மட்டும் மாட்டினால் கணக்கு தவறிவிடும்.

இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 18.5 டன் வரை இருக்கலாம் என்று 2018-ம் ஆண்டு அரசு அனுமதித்தது. அதில் பின் அச்சு மட்டும் 11.5 டன் தாங்கலாம். பாரம் இருக்கும்போது பின் பிரேக் குறைவாகப் பிடித்தால் வண்டி நிற்காது. பாரம் இறக்கியபின் பின் பிரேக் அதிகமாகப் பிடித்தால், சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டியின் வால் சுழலும். எதிரே வரும் பஸ்ஸில் இருப்பவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

இன்னொன்று. காற்று பிரேக் லாரியை நிறுத்தி வைக்கும்போது, பின் சக்கரங்களை ஒரு பெரிய ஸ்பிரிங்தான் பிடித்துக்கொள்கிறது. காற்று இறங்கிவிட்டாலும் அது பிடிக்கும். பின் பிரேக்கை மாற்றும்போது இந்த ஏற்பாடு கெட்டுப்போனால், மேட்டில் நிறுத்திய லாரி தானாக இறங்கிவரும்.

சட்டமும் இதற்குக் குறுக்கே நிற்கிறது. அனுமதியில்லாமல் வாகனத்தை மாற்றி அமைக்கும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது.

தொப்பூர் சொல்லும் பாடம்

தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாய் இருக்கிறது. 2020-ம் ஆண்டு டிசம்பரில், கட்டுப்பாடு இழந்த ஒரு லாரி வரிசையாக நின்ற வாகனங்கள் மீது மோதியது. 4 பேர் உயிரிழந்தார்கள்.

அந்த இறக்கத்தில் டீசலை மிச்சப்படுத்த சிலர் கியரை நியூட்ரலில் போட்டு உருட்டுகிறார்கள். அப்போது என்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்காது. முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். மிச்சமாவது சில ரூபாய் டீசல். போவது உயிர்!

அளவுக்கு மேல் பாரம் ஏற்றி, நியூட்ரலில் உருட்டினால், டிஸ்க்கும் சூடேறும். நல்ல பிரேக் கெட்ட பழக்கத்தைக் காப்பாற்றாது.

செய்ய வேண்டியது என்ன?

லைனிங் தேய்வதற்கு முன்பே மாற்ற வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். பிரேக் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். காற்றுத் தொட்டியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். இறக்கத்தில் சிறிய கியரில் இறங்க வேண்டும்.

பட்டறைப் பையன்கள் பிரேக் தூசியைக் காற்றால் ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் உண்டு. அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

டிஸ்க் வேண்டுமா? தாராளமாகக் கேட்கலாம். புதிய லாரி வாங்கும்போது கேட்கலாம். 1962-ம் ஆண்டிலேயே சென்னை பாடியில் பிரேக் தொழிற்சாலைகள் தொடங்கப்பட்ட மாநிலம் இது. கட்டுப்படியாகும் விலையில், சோதித்துப் பார்த்த டிஸ்க் பிரேக்கைத் தொழிற்சாலையிலேயே பூட்டித்தரச் சொல்லிக் கேட்பது லாரிக்காரர்களின் உரிமை.

அதுவரை, செம்மையாகப் பராமரித்த டிரம், அரைகுறையாக மாட்டிய டிஸ்க்கைவிட மேலானது.

லாரி புறப்படும்போது எத்தனை மூட்டை ஏறியிருக்கிறது என்று எண்ணுகிறார்கள். பிரேக் பிடிக்கிறதா என்று ஒரு தடவை மிதித்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

வீட்டில் டிரைவரின் மனைவியும் மக்களும் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது லாரி சீக்கிரம் போய்ச் சேர்வது அல்ல. அவர் பத்திரமாகத் திரும்பி வருவது!