சோம்பேறிப் பட்டம்

நம் தேசத்தில் பட்டங்களுக்குப் பஞ்சமே கிடையாது. பரீட்சை எழுதாமலும் பணம் கட்டாமலும் கிடைக்கக்கூடிய பட்டம் ஒன்றுகூட உண்டு. அதுதான் "சோம்பேறி" என்னும் பட்டம். வீட்டில் தகப்பனார் அதை வழங்குகிறார். பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் ஊர்ஜிதம் செய்கிறார். பெற்றுக்கொண்டவர் ஆயுள் முழுவதும் சுமக்கிறார்.

நம் பத்திரிகைக்குப் படம் எழுதும் நண்பர் ஒருவர் இந்தப் பட்டத்தை நாற்பத்தாறு வயது வரையில் சுமந்தவர். பத்து நாளாகத் தொடாத படத்தை அன்ன ஆகாரமின்றி ஒரே இரவில் எழுதி முடிப்பார். பார்த்தவர்கள் மூக்கின்மேல் விரலை வைப்பார்கள். ஆனால், அதற்குரிய பணத்துக்கு ஒரு பில் எழுதி அனுப்ப அவருக்கு மூன்று மாதம் ஆகும்! மின்சாரக் கட்டணம் கட்ட மறந்து வீட்டில் விளக்கு எரியாமற் போன நாட்களும் உண்டு. "மனம் வைத்தால் இவரால் எல்லாம் முடியும், மனந்தான் வைக்கமாட்டேன் என்கிறார்" என்று அவருடைய மனைவியார் நம்மிடம் குறைப்பட்டபோதெல்லாம் நாமும் தலையை ஆட்டியிருக்கிறோம். அதற்காக இப்போது வெட்கப்படுகிறோம்.

அவருடைய பத்து வயது மகனை மனநல வைத்தியரிடம் அழைத்துச் சென்றார்கள். பையனைப் பற்றி வைத்தியர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும், "எனக்கும் அப்படித்தான்" என்றார் தகப்பனார். தனியே அவரையும் தீர விசாரித்த பின்னர், இருவருக்கும் ஒரே பெயரைச் சொன்னார் வைத்தியர். அது ஏ.டி.எச்.டி., அதாவது கவனக் குறைவு மிகையியக்கக் கோளாறு. இது பெரும்பாலும் குடும்ப வழியில் தொடர்வதாதலால் இதில் ஆச்சரியமில்லை.

இது நேற்று முளைத்த நாகரிக வியாதியென்று யாரும் எண்ண வேண்டாம். நிலைகொள்ளாத கவனத்தைப் பற்றி 1798-லேயே அலெக்ஸாண்டர் கிரைட்டன் என்னும் ஸ்காட்லாந்து வைத்தியர் எழுதியிருக்கிறார். 1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்பவர் இத்தகைய குழந்தைகளைப் பற்றிப் பிரசங்கங்கள் செய்தார். ஆனால் வெகு காலம் வரை, இது குழந்தைகளின் கோளாறு, வளர வளரத் தானே நீங்கிவிடும் என்றே கருதி வந்தார்கள். பலருக்கு அது நீங்குவதில்லை என்பது பிற்பாடுதான் தெளிவாயிற்று. மலையாள நடிகர் ஃபகத் ஃபாசில் தமக்கு நாற்பத்தொன்றாவது வயதில் இது கண்டறியப்பட்டதாக 2024-ல் கேரளத்துக் கோதமங்கலத்தில் நடந்த விழாவிலே வெளிப்படையாகச் சொன்னார். "மாமன்னன்" படத்தில் அவர் நடிப்பைப் பார்த்தவர்கள் அவரைச் சோம்பேறி என்பார்களா?

இந்தக் கோளாற்றில் குறைவது புத்தியுமல்ல, நல்ல மனமுமல்ல. வேலையைத் துவக்குவது, காலத்தை மதிப்பிடுவது, செய்ய வேண்டியதை நினைவில் நிறுத்துவது ஆகிய மூளையின் நிர்வாகக் காரியங்களே தடுமாறுகின்றன. ருசியுள்ள வேலையில் கவனம் வெள்ளமாய்ப் பாயும். ருசியற்ற வேலையில் ஊற்றே வற்றிவிடும். ஒரே இரவில் பிறந்த சித்திரத்துக்கும் மூன்று மாதம் பிறவாத பில்லுக்கும் காரணம் ஒன்றேதான்.

பெயர் தெரிந்த அன்று நண்பர் சிரித்தார். மறுநாள் முதல் பல நாள் அழுதார். "என் தகப்பனார் போய்விட்டாரே, அவரிடம் யார் போய்ச் சொல்வது?" என்று அவர் கேட்டதற்கு நம்மிடம் பதில் இல்லை.

வைத்தியர் மருந்து கொடுத்தார். அதோடு, இத்தகையவர்களுக்கு வழிகாட்டும் பயிற்சியாளர் ஒருவரும் அமைந்தார். அந்த அம்மாள், "ஏன் செய்யவில்லை?" என்று ஒரு நாளும் கேட்டதில்லையாம், "எப்போது சுலபமாகச் செய்தீர்கள்?" என்பதுதான் முதற் கேள்வி. மீதிப் பொழுது கண்ணுக்குத் தெரியும்படியான கடிகாரம் ஒன்று மேஜைக்கு வந்தது. "பில் அனுப்பு" என்பது "பில் புத்தகத்தைத் திற" என்று சுருங்கிற்று. புதன்கிழமை காலையில் வேறொரு சித்திரக்காரருடன் உட்கார்ந்து, அவரவர் ருசியற்ற வேலையை அவரவர் முடிப்பது என்று ஏற்பாடாயிற்று. இரவு முழுதும் எழுதும் வழக்கத்தை அந்த அம்மாள் தடுக்கவில்லை. மறுநாளை ஓய்வுக்கு விடச் சொன்னார். எல்லாவற்றையும்விடப் பெரிய லாபம், நண்பரின் மனைவியார் இருபது வருஷமாகப் பார்த்து வந்த காவற்காரர் உத்தியோகத்தினின்று விடுதலை பெற்றதுதான்.

இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். பயிற்சியாளர் வைத்தியர் அல்லர். பல தேசங்களில் இத்தொழிலுக்குச் சட்டக் கட்டுப்பாடு இல்லாதபடியால் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிவிடலாம். விசாரித்தே போக வேண்டும். மறதியுள்ளவர்களெல்லாம் இந்தக் கோளாறு உள்ளவர்களுமல்லர். இது கலைஞர்களுக்குக் கிடைத்த வரம் என்று புகழ்வோரும் இருக்கிறார்கள். அந்த வீட்டில் விளக்கு எரியாத இரவுகளைப் பார்த்த நாம் அவ்வளவு தூரம் போகத் தயாராயில்லை.

வீட்டில் பெரியவர்களை நாம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பட்டம் வழங்குமுன் சற்றுப் பொறுங்கள். அந்தப் பையன் நாற்பத்தாறு வயது வரையில் காத்திருக்க வேண்டியதில்லை.

சென்ற மாதம் வெளியான படத்துக்கு நண்பரின் பில் பதினோராம் நாளே நம் காரியாலயத்துக்கு வந்து சேர்ந்தது. தேதி மட்டும் தவறாயிருந்தது. நாமே திருத்திக்கொண்டோம்.