மாகாண சபையின் சட்டத்தை எழுதுவது யார்?

மாகாண சபைத் தேர்தல் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் எமது பிரதேசத்தில் ஒரே கேள்விதான் கேட்கப்படுகிறது. பொத்துவிலுக்கு ஓர் ஆசனம் கிடைக்குமா? கேள்வி நியாயமானதே. ஆனால், அந்த ஆசனத்தில் அமர்பவர் என்ன செய்வார், அவருக்கு எழுதிக் கொடுப்பது யார் என்பதை எவரும் கேட்பதில்லை. நாற்பதாண்டு காலம் பத்திரிகைத்துறையில் இருந்த நானும் அதைக் கேட்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

சபை இயங்கிய காலத்தில் உறுப்பினர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் என் வீட்டுக்கு வந்தார். அறுகம்பைக்கு வரும் உல்லாசப் பயணிகளால் விடுதிகள் ஈட்டும் வருமானத்தில் ஒரு சிறுபகுதி இவ்வூரின் வீதிக்கும் குடிநீருக்கும் வந்துசேர ஒரு நியதிச்சட்டம் வேண்டுமென்பது அவருடைய எண்ணம். "காக்கா, நீங்கதான் எழுதித் தரணும், வேற யாரு இருக்கா?" என்றார். எழுதினேன். இரண்டு பக்கம். மறுநாள் வாசித்துப் பார்த்தபோது அது ஆசிரியத் தலையங்கமாக இருந்தது, சட்டமாக இல்லை. நிதி சம்பந்தப்பட்ட நியதிச்சட்டத்தை ஆளுநரின் விதப்புரையின்றிச் சபையில் முன்வைக்க முடியாதென்பது இருவருக்கும் பின்னர்தான் தெரியவந்தது. அவர் அத்துடன் அதைக் கைவிட்டார்.

அவரைக் குறைகூறி என்ன பயன்? கிழக்கு மாகாண சபைக்கு முப்பத்தேழு உறுப்பினர்கள். அம்பாறை மாவட்டத்துக்கு மட்டும் பதினான்கு பேர். 2008 இல் தெரிவான சபையும் 2012 இல் தெரிவான சபையும் ஏறத்தாழ ஒன்பதாண்டுகள் இருந்தன. வாகனமும் அலுவலகமும் பற்றிய சண்டைகளைச் செய்தியாக எழுதி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. சாதாரண உறுப்பினர் கதவைத் தட்டி, "இந்த எண்ணத்தைச் சட்டமொழியில் ஆக்கித் தாருங்கள், அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் இதற்கு இடமுண்டா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கத்தக்க ஓர் ஆய்வுப் பிரிவுக்காக எவரும் சண்டையிட்டதாக எனக்கு நினைவில்லை. 1987 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டப்படி பிரதம செயலாளரை நியமிப்பவர் ஜனாதிபதி. மாகாண அரசாங்க சேவையின் அதிகாரம் ஆளுநரிடம். சட்டம் தெரிந்த உத்தியோகத்தர்கள் நிறைவேற்றுத் துறையின் பக்கத்தில் இருக்க, மக்கள் அனுப்பியவர் வெறுங்கையுடன் நின்றார்.

இது ஏதோ அலுவலக வசதி பற்றிய முறைப்பாடு என்று எண்ணுபவர்கள் 2017 செப்டெம்பர் 20 ஐ நினைவுகூர வேண்டும். பெண் வேட்பாளர்களின் விகிதத்தை உயர்த்துவதற்கென வர்த்தமானியில் வெளிவந்த சிறிய சட்டமூலம் அது. குழுநிலையில் பக்கம் பக்கமாகத் திருத்தங்கள் நுழைக்கப்பட்டு, தேர்தல் முறையே தலைகீழாக மாற்றப்பட்டு, அன்றைய தினமே நிறைவேறியது. சட்டமூலமொன்றை உயர் நீதிமன்றத்தில் எதிர்ப்பதற்குக் குடிமகனுக்கு அப்போது இருந்த அவகாசம், அது ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்றதிலிருந்து ஒரு வாரம். குழுநிலையில் நுழைந்தவற்றுக்கு அந்த ஒரு வாரமும் இருக்கவில்லை. சபாநாயகர் சான்றுப்படுத்திய பின்னர் எந்த நீதிமன்றமும் அச்சட்டத்தின் வலிதுடைமையை ஆராய முடியாது. எமது முஸ்லிம் கட்சிகளும் ஆதரித்துக் கையுயர்த்தின. அறுபதுக்கு நாற்பதை ஐம்பதுக்கு ஐம்பதாக மாற்றிக்கொண்டோம் என்று வெற்றி பேசினார்கள்.

விளைவு என்ன? புதிய முறைக்கு எல்லை நிர்ணயம் வேண்டும். அந்த அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் நிராகரித்தது. ஆதரவாக ஒரு வாக்கும் இல்லை. புதிய முறைக்கு எல்லை இல்லை, பழைய முறைக்குச் சட்டம் இல்லை. 2017 செப்டெம்பர் 30 உடன் கலைந்த எமது சபை அந்தப் பொறியில் சிக்கிக்கொண்டது. 2024 இல் ஜனாதிபதித் தேர்தலும் பொதுத்தேர்தலும், 2025 இல் உள்ளூராட்சித் தேர்தலும் நடந்து முடிந்தன. "எல்லை நிர்ணயம் முடியாவிட்டால் பழைய முறையில் தேர்தல்" என்று ஒரு வாசகத்தைச் சேர்க்கும்படி கூற, வாக்களிக்கப் போன எமது பிரதிநிதிகளின் அருகில் ஒரு சட்டவரைஞர் இருந்திருக்கக் கூடாதா? அந்த ஒரு வாசகம் சபையைக் காப்பாற்றியிருக்கும்.

பாடம் படித்தார்களா? 2024 ஜனவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறியபோதும் இதே கதைதான். உயர் நீதிமன்றம் கூறிய திருத்தங்கள் யாவும் சேர்க்கப்பட்டனவா என்ற சர்ச்சை சபாநாயகருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை வரை சென்றது. வாக்களிப்பவர் கையில் ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு தாளும், ஒப்பிட்டுச் சொல்ல ஓர் ஆளும் இருந்தால் இந்தச் சர்ச்சைக்கே இடமிருந்திராது.

மொழி விடயம் இன்னும் கசப்பானது. அரசியலமைப்பின்படி சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கப்பட வேண்டும். ஆயினும் சட்டங்களின் கடைசிப் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். இரு உரைகளும் முரண்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும் என்றிருக்கும். அப்படியானால், தமிழ் உரையை மட்டும் வாசித்துவிட்டுக் கையுயர்த்தும் உறுப்பினர் எதற்கு வாக்களிக்கிறார்? இரண்டையும் வரிக்கு வரி ஒப்புநோக்கிச் சொல்பவர் அவருக்கு அருகில் இல்லையென்றால், அவருடைய கை உயர்கிறதே தவிர வேறொன்றும் நிகழவில்லை.

அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலம் சட்டசபை உறுப்பினர்களுக்கென 1901 இலேயே ஆய்வு நூலகம் அமைத்தது. கலிபோர்னியா 1941 இல் வரவுசெலவை ஆராயத் தனி அலுவலகம் ஏற்படுத்தியது. கட்சி வேறுபாடின்றி ஆளும் உறுப்பினருக்கும் எதிர்க்கட்சியினருக்கும் அவை ஒரேவிதமாகப் பணிசெய்கின்றன. செல்வந்த நாடுகளோடு எம்மை ஒப்பிடலாமா என்பார்கள். எமது பாராளுமன்றமே 2023 இல் பாராளுமன்ற வரவுசெலவு அலுவலகத்துக்கான சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. கொழும்புக்குத் தேவையானது திருகோணமலைக்குத் தேவையில்லையா? இரண்டு சட்டவரைஞர்கள், மூன்று ஆய்வாளர்கள், இருமொழி தெரிந்த ஓரிரு மொழிபெயர்ப்பாளர்கள். ஒரு அமைச்சரின் பரிவாரத்தைவிடச் சிறிய தொகை.

உத்தியோகத்தர்கள் கைக்குச் சட்டம் போய்விடும் என்று ஒரு நண்பர் ஆட்சேபித்தார். இப்போது யாருடைய கையில் இருக்கிறதாம்? அந்தப் பிரிவு அவைத்தலைவரின் கீழ், சபைக்கு மட்டும் பொறுப்புக்கூறுவதாக இருக்க வேண்டும்; பிரதம செயலாளரின் கீழோ அமைச்சரின் கீழோ அல்ல. அதை முதலாவது அமர்விலேயே பிரேரிப்பேன் என்று எழுத்தில் தராத வேட்பாளர், எந்தக் கட்சிக்காரராயினும், இம்முறை என் வீட்டுப் படியேற வேண்டாம். வருபவரிடம் கொடுக்க அந்தப் பழைய இரண்டு பக்கங்களையும் எடுத்து வைத்திருக்கிறேன்.