தெருவுக்கும் பங்கு உண்டு

குடியால் சீரழியும் ஒருவனைக் குறித்துப் பேச்செழும்போதெல்லாம் நம்மவர் ஆயத்தமாக வைத்திருக்கும் தீர்ப்பு ஒன்றே: "அவனுக்கு மனவுறுதி இல்லை." கை கழுவுவதற்குப் பிலாத்துவுக்குத் தண்ணீராவது தேவைப்பட்டது; நமக்கு இவ்வொரு சொல்லே போதும்.

வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்க வீரர்களைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். 1971 செப்டம்பரில் நாடு திரும்பிய வீரர்களை லீ ராபின்ஸ் என்னும் பெண் ஆய்வாளர் ஆராய்ந்தார். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், அங்கிருந்தபோது தாம் அடிமைப்பட்டிருந்ததை ஒப்புக்கொண்டனர். தாயகத்திலும் இப்பழக்கம் தொடரும் என்றே அரசு அஞ்சியது. நடந்ததோ வேறு. அவ்வாறு அடிமைப்பட்டிருந்தோருள் ஓராண்டுக்குள் மீண்டும் அடிமையானோர் நூற்றுக்கு 5 பேரளவே. மூன்றாண்டுகளில் 12 பேர். அக்காலத்தில் அமெரிக்க மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றுத் தம் பழைய தெருக்களுக்கே திரும்பியோருள் பெரும்பாலோர் மீண்டும் வீழ்ந்தனர் என்பதையும் உடன் நினைவில் கொள்ள வேண்டும்.

வீரர்களுக்கு மட்டும் மனவுறுதி வானிலிருந்து இறங்கியதா? மலிவாகக் கிடைத்த போதைப்பொருளும், உடன் புகைத்த தோழரும், போர்க்களத்தின் அச்சமும் கடலுக்கு அப்பாலேயே நின்றுவிட்டன. அதுவே பெரும் வேறுபாடு.

இனி நம் ஊருக்கு வருவோம். மறுவாழ்வு இல்லத்தில் சில வாரங்கள் தங்கித் தெளிந்தவன் எங்கே திரும்புகிறான்? 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறையில் மது விற்கும் இம்மாநிலத்தில், கடையைக் கடந்தே வீடு சேர வேண்டிய அதே தெருவுக்கு; வேலை முடிந்ததும் தோளில் கை போட்டு அழைக்கும் அதே கூட்டாளிகளிடம். அவ்வளவு ஏன், நம் திருமுழுக்கு விருந்துகளிலும் திருவிழா இரவுகளிலும் மறைவாக ஊற்றிக் கொடுப்போர் யார்? ஊற்றியவர் தாராள மனத்தர். குடித்தவன் மட்டும் பாவி!

"அப்படியானால் அவனுக்குப் பொறுப்பே இல்லையா?" எனச் சிலர் வெகுளலாம். உண்டு. சூழல் மனிதனின் சுதந்திரத்தை முற்றிலும் பறித்துவிடுவதில்லை. ஆயினும் அதனைச் சுருக்கவோ விரிக்கவோ வல்லது. அதைச் சுருக்கியவருள் நாமும் இருப்பின், அவன் வீழ்ச்சியில் நமக்கும் பங்குண்டு.

ஆகவே, அறிவுரையைக் குறைப்போம். மதுவில்லா விருந்தை நம் இல்லத்திலேயே தொடங்குவோம். மீண்டு வந்தவனுக்கு மாலை வேளையில் அமர்ந்து பேச ஓர் இடத்தையும், பழைய கூட்டாளிகள் இல்லாத ஒரு வேலையையும் நம் அன்பியங்கள் தேடித் தரட்டும். அதற்கு மனமில்லாதோர், அவனுடைய மனவுறுதியைப் பற்றிப் பேசாதிருப்பதே அறம்.