புயலுக்கு முந்தைய நாள் போட்ட யூரியா எங்கே போகிறது?

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைத் தொட்ட ஃபெஞ்சல் புயல், நகராமல் நின்று கொட்டித் தீர்த்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. சம்பா நெல்லுக்கு மேலுரம் இடும் பருவம் அது. மூழ்கிய பயிரைப் பற்றி நிறையப் பேசினோம். வயலிலிருந்து ஏரிக்குப் போன தழைச்சத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சம்பாவுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து, நான்கு தவணை. ஒரு தவணைக்கு ஏக்கருக்கு 15 கிலோ. யூரியாவாக 33 கிலோ. வயலில் 5 செ.மீ. தண்ணீர் நின்றால் ஏக்கருக்கு 2 லட்சம் லிட்டர். உரம் முழுவதும் அதில் கரைந்தால் லிட்டருக்கு 75 மில்லிகிராம் தழைச்சத்து. குடிநீரில் நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டுத் தரம். தழைச்சத்தாகக் கணக்கிட்டால் அது வெறும் 10 தான். பெருமழை இதை நீர்க்கச் செய்யும், உண்மைதான். ஆனால் ஏரிக்குப் போய்ச் சேரும் கிலோ குறையாது.

யூரியா அம்மோனியமாக மாறிய பிறகுதான் களிமண் அதைப் பிடித்து வைக்கும். அதற்குச் சில நாட்கள் ஆகும். அதற்குள் வரப்பு உடைந்தால் உரம் தண்ணீரோடு போய்விடும். "வேப்பெண்ணெய் பூசிய யூரியாதானே?" என்று கேட்பீர்கள். அந்தப் பூச்சு அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தும். வரப்பு தாண்டும் வெள்ளத்தைத் தடுக்காது.

ஏரியில் இதன் விளைவு உடனே தெரியாது. வெள்ளம் வடிந்து, வெயில் அடித்து, தண்ணீர் தெளிந்த பிறகு பாசியும் ஆகாயத்தாமரையும் பெருகும். வண்டலோடு வந்த மணிச்சத்தும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இரவில் பாசி ஆக்சிஜனை உறிஞ்ச, விடியற்காலையில் மீன் மிதக்கும். யாரோ விஷம் கலந்துவிட்டதாக ஊரில் பேச்சு கிளம்பும்!

கனமழை எச்சரிக்கை வந்தால் மேலுரத்தை நிறுத்தி வையுங்கள். நான்கைந்து நாள் தள்ளிப்போவதால் வரும் இழப்பு, மூட்டை உரம் கரைந்து போவதைவிடக் குறைவு. ஏற்கெனவே இட்டுவிட்டீர்களா? வரப்பை உயர்த்தி, மழை ஓயும் வரை மடையைத் திறக்காதீர்கள். பயிர் மூழ்கும் நிலை வந்தால் வடித்துத்தான் ஆக வேண்டும்; அப்போது நேராக ஏரி வாய்க்காலில் விடாமல், முடிந்தால் தரிசு அல்லது புல் வளர்ந்த நிலம் வழியாக விடுங்கள்.

தண்ணீர் வடிந்து புது வேர் விட்ட பிறகு, யூரியா, ஜிப்சம், வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் 5:4:1 விகிதத்தில் கலந்து ஓர் இரவு வைத்திருந்து இடுங்கள். அதற்கு முன் இலை வண்ண அட்டையை வைத்துப் பாருங்கள். பயிர் கேட்டால் மட்டும் போடுங்கள்.