முழங்கையைக் கவனியுங்கள்

கண்டி மாநகரைச் சூழ்ந்த பாடசாலை மைதானங்களில் மாலைப்பொழுதிற் பந்து வீசிப் பழகும் சிறுவர்களைப் பார்த்து நிற்பவர்க்கு, முத்தையா முரளிதரனின் கைவீச்சை அப்படியே பாவனை செய்யும் ஒரு பிள்ளையாவது கண்ணிற் படாமற் போவதில்லை; அந்த அபிமானம் பெருமைக்குரியதே, ஆயினும் அந்தப் பாவனையைத் திருத்தாமல் விடுவது ஆசிரிய தர்மமன்று என்பதே என் அபிப்பிராயம்.

கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்து வீசிய அவரைச் சுழற்பந்தின் பக்கம் திருப்பியவர் பயிற்றாசிரியர் சுனில் பெர்னாண்டோ. முற்றாக நீளாத முழங்கை முரளிதரனுக்குப் பிறவியிலேயே அமைந்தது. மணிக்கட்டின் சுழற்சியோ அபூர்வமானது. 1995 டிசம்பர் 26 அன்று மெல்பேர்னில் நடுவர் டரல் ஹேர், அவர் பந்தை எறிகிறார் எனக் கருதி, 7 முறை ‘நோ போல்’ என்று கை நீட்டியபோது அவர் அடைந்த வேதனைக்கு, விஞ்ஞானப் பரிசோதனைகளும், முழங்கை 15 பாகை வரை நிமிரலாம் என்று பின்னர் பிறந்த விதியுமே பரிகாரமாயின. 2007இல், நமது அஸ்கிரிய மைதானத்திலேயே, ஷேன் வோர்னின் 708 விக்கெட் சாதனையை அவர் கடந்தார்.

மற்றப் பிள்ளைகளின் முழங்கையோ நேராக நீள்வது. அதை மடக்கி நிமிர்த்தினால் அது வீச்சன்று, எறிதல். கை தோள் மட்டத்துக்கு உயரும் கணம் முதல் பந்து விரலை விட்டு நீங்கும் கணம் வரை முழங்கை எவ்வாறு நிமிர்கிறது என்பதை, நின்ற நிலையில் மெதுவாக வீசச் செய்து, பக்கவாட்டில் நின்று பார்க்கவேண்டும்.

பயிற்றாசிரியர்களே, விக்கெட்டுகளை எண்ணுமுன், சட்டைக் கையைச் சுருட்டச் சொல்லி அந்தப் பிள்ளையின் முழங்கையை உற்றுப் பாருங்கள்.