இரண்டாவது சர்வர் இருக்கிறது என்ற நிம்மதி

மும்பை வட்டாரத்தின் விக்ரோலியிலும் ஐரோலியிலும் உள்ள ஐ.டி. அலுவலகங்களில் தணிக்கைக் கூட்டம் நடந்தால் இந்த வாக்கியம் காதில் விழாமல் இருக்காது: "பேம் ஹெச்.ஏ.வில் ஓடுது சார், கவலையில்லை." பேம் என்பது பிரிவிலேஜ்டு ஆக்சஸ் மேனேஜ்மெண்ட். சர்வர், தரவுத்தளம், நெட்வொர்க் கருவி எல்லாவற்றின் ரூட், அட்மின் பாஸ்வேர்டுகளையும் ஒரே பெட்டகத்தில் பூட்டி, யார் எப்போது எதற்காக எடுத்தார் என்று பதிந்து, வேலை முடிந்ததும் பாஸ்வேர்டை மாற்றியும் விடும் ஏற்பாடு. ஹெச்.ஏ. என்றால் அந்தப் பெட்டகத்துக்குத் துணையாக இன்னொரு சர்வர். ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும் என்கிறார்கள். தாங்கும் என்று சொல்லும் காரணங்கள் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் காரணம் கணக்கு. ஒரு சர்வர் 99 சதவீத நேரம் ஓடும், இரண்டு வைத்தால் இரண்டும் சேர்ந்து விழும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று, ஆகவே 99.99 சதவீதம். பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் ஒன்று விழுவதற்கும் மற்றது விழுவதற்கும் எந்தத் தொடர்பும் இல்லாதபோதுதான் அப்படிப் பெருக்கலாம். இரண்டு சர்வரும் ஒரே ஸ்டோரேஜில் எழுதி, ஒரே யு.பி.எஸ்.ஸில் ஓடி, ஒரே இரவில் ஒரே பேட்சை வாங்கிக்கொள்கின்றன என்றால் கையில் இருப்பது ஒன்றேகால் சர்வர்.

மும்பைக்காரர்களுக்கு இது பட்ட பாடம். 2020 அக்டோபர் 12 காலை பத்து மணி வாக்கில் நகரமும் சுற்றுவட்டாரமும் இருண்டன. லோக்கல் ரயில்கள் நடுவழியில் நின்றன. மின்சாரம் வர ஒரே கம்பிதான் இருந்தது என்றில்லை. பாதைகள் பல இருந்தும், கல்வா துணைமின் நிலையத்தைச் சுற்றிய 400 கிலோவோல்ட் வலையில் அவை ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டிக்கப்பட்டன. வெளியே கோளாறு வந்தால் மும்பையைத் தனித் தீவாகப் பிரித்துக் காப்பாற்றும் ஏற்பாடும் அன்று கைகொடுக்கவில்லை. நெடுநாள் இழுபட்டிருந்த கார்கர்–விக்ரோலி 400 கிலோவோல்ட் வழித்தடம் 2023 அக்டோபரில் செயல்பாட்டுக்கு வந்தது. விக்ரோலியில் புதிய துணைமின் நிலையம், நகருக்குக் கூடுதலாக 1,000 மெகாவாட் கொண்டுவரும் திறன். கல்வாவில் இன்னொரு டிரான்ஸ்ஃபார்மரை நிறுத்திவிட்டு வேலை முடிந்தது என்று மின்துறையினர் சொல்லவில்லை; வேறொரு பாதை போட்டார்கள். பேம் சர்வருக்குத் துணை தேடும்போது மட்டும் பக்கத்து ரேக்கோடு நின்றுவிடுகிறோம்.

சரி, இரண்டு பாதை போட்டுவிட்டோம் என்பவர்களுக்கு 2021 பிப்ரவரி 24 இருக்கிறது. தேசியப் பங்குச் சந்தையில் காலை 11.40க்கு வர்த்தகம் நின்றது. மறுபடி தொடங்கியபோது மணி 3.45. அங்கே இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகள் இருந்தன. இரண்டும் தடுமாறின. வழியில் நடந்த தோண்டல், கட்டுமான வேலைகளைக் காரணமாகச் சந்தையின் பிந்தைய விளக்கம் சொன்னது. (மும்பையின் எல்.பி.எஸ். மார்க் சாலையில் ஒரு மழைக்காலம் நடந்து போனவர் யாரும் வியக்க மாட்டார்.) அதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது: இணைப்பு போனாலும் தனியாக ஓடியிருக்க வேண்டிய ஸ்டோரேஜ், வடிவமைப்புக்கு மாறாக நின்றுபோனது. காப்பாற்ற வைத்த நகல் ஏற்பாடே அசலையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. தொலைவில் டி.ஆர். எனும் பேரிடர் மீட்பு மையம் இருந்தும் அன்று அதற்கு மாறவில்லை. அடுத்த மாதமே செபி விதியை இறுக்கியது: கோளாறு ஏற்பட்ட 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் மீண்டுவிட வேண்டும். மாறுவதா வேண்டாமா என்று யோசித்துக் கொண்டிருப்பதும் ஒரு கோளாறுதான் என்பதை ஒழுங்குமுறை அமைப்பே ஒப்புக்கொண்ட இடம் இது.

இரண்டாவது வாதம் சற்று நயமானது: "பேம் நின்றால் வாடிக்கையாளருக்கு என்ன? அட்மின்கள் ஒரு மணி நேரம் டீ குடிக்கட்டும்." எல்லாம் நலமாக ஓடும் நாளில் இது உண்மை. ஆனால் பேம் தனியாக விழுவது அபூர்வம். தரவு மையத்தில் தீ, வெள்ளம், மின்தடை என்று எல்லாம் விழும்போது அதுவும் சேர்ந்து விழும். அந்த நேரத்தில்தான் அது எல்லோருக்கும் தேவைப்படும். 2022 அக்டோபர் 15 அன்று தென்கொரியாவில் பாங்யோ தரவு மையத்தின் பேட்டரி அறையில் தீப்பிடித்தது. நாட்டின் பெரும்பாலோர் பயன்படுத்தும் காக்காவ் சேவைகள் முழுதாக மீள 127 மணி நேரத்துக்கு மேல் ஆனது. காக்காவுக்கு வேறு தரவு மையங்களும் இருந்தன. ஆனால் அங்கே மாறுவதற்குப் பொறியாளர்கள் பயன்படுத்த வேண்டிய இயக்க, மேலாண்மைக் கருவிகள் பாங்யோவுக்குள்ளேயே இரட்டிப்பாக இருந்தன, வெளியே இல்லை. அரசின் விசாரணை இதைத்தான் சுட்டிக்காட்டியது. அதற்கு ஓராண்டு முன், 2021 அக்டோபர் 4 அன்று, ஃபேஸ்புக் ஆறு மணி நேரம் முடங்கியபோதும் பொறியாளர்கள் உள்ளே போக வைத்திருந்த மாற்றுவழி நெட்வொர்க்கும் சேர்ந்தே போயிருந்தது.

நம் அலுவலகங்களில் இதே சுழல் இன்னும் இறுக்கமாக இருக்கும். பேம் சர்வர் ஒரு விர்ச்சுவல் மெஷினில் ஓடுகிறது. அந்த விர்ச்சுவல் தளத்தின் அட்மின் பாஸ்வேர்டு பேமுக்குள். பேமில் நுழைய ஆக்டிவ் டைரக்டரி வேண்டும். அந்த டைரக்டரியின் டொமைன் அட்மின் பாஸ்வேர்டும் பேமுக்குள். பேக்கப்பைத் திறக்கும் குறியீட்டுச் சாவி எங்கே என்று கேளுங்கள். அதுவும் அங்கேதான் இருக்கும். இந்த வட்டத்தை உடைக்காமல் நான்காவது சர்வர் வாங்கினாலும் பயனில்லை.

அடுத்து, "நகல் உடனுக்குடன் போய்விடுகிறது" என்ற உறுதி. மற்ற மென்பொருள்களில் சில நொடித் தாமதம் பெரிதில்லை; பெட்டகத்தில் அது விஷம். முதன்மைச் சர்வர் ஒரு தரவுத்தளத்தின் ரூட் பாஸ்வேர்டை மாற்றுகிறது; புதியதைத் துணைக்கு அனுப்புவதற்குள் உயிர் விடுகிறது. இப்போது துணையில் இருப்பது பழைய பாஸ்வேர்டு, தரவுத்தளம் ஏற்பதோ புதியதை மட்டும். துணை நலமாக ஓடுகிறது, திரையில் பச்சை விளக்கு எரிகிறது, கதவு மட்டும் திறக்காது. ஆகவே துணை பெற்றுக்கொண்டதை உறுதி செய்த பிறகே பாஸ்வேர்டை மாற்றும் வகையில் அமைக்க வேண்டும். பாஸ்வேர்டு ஒத்துப்போகாதபோது சரிசெய்யும் தனிக் கணக்கு ஒன்று ஒவ்வொரு கருவியிலும் வேண்டும். பெரும் பராமரிப்பு வேலை நடக்கும் இரவில் பாஸ்வேர்டு சுழற்சியை நிறுத்திவைக்க வேண்டும். நகல் தவறையும் அதே வேகத்தில் எடுத்துப்போகும் என்பது வேறு. தவறுதலாக அழித்த கணக்கு இரண்டு சர்வரிலும் அழிந்திருக்கும். துணைச் சர்வர் பேக்கப் ஆகாது.

"ஃபெயில்ஓவர் தானாக நடக்கும், மனிதர் தேவையில்லை" என்பார்கள். 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப்பில் 43 நொடி இணைப்பு அறுந்தது. தானியங்கி ஏற்பாடு தன் கடமையைச் செய்து அமெரிக்காவின் எதிர்க்கரைத் தரவு மையத்தை முதன்மை ஆக்கியது. இரு கரைகளிலும் ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத பதிவுகள் தங்கிவிட்டன. சீர்செய்ய 24 மணி நேரம் 11 நிமிடம். இப்படி இரு பக்கமும் தனித்தனியாக எழுதுவதைத் தவிர்க்கத்தான், பாதிக்கு மேற்பட்ட சர்வர்கள் ஒப்புக்கொண்டால் மட்டும் எழுதும் பெரும்பான்மை வாக்கு முறை. அதில் இரண்டு சர்வர் வைப்பது ஒன்றைவிட மோசம்: பெரும்பான்மைக்கு இரண்டுமே வேண்டும், எது விழுந்தாலும் வேலை நிற்கும். மூன்று இருந்தால் ஒன்றை இழக்கலாம், ஐந்து இருந்தால் இரண்டை. அந்த ஐந்தை விக்ரோலியில் மூன்று, சென்னையில் இரண்டு என்று பிரித்தால் விக்ரோலி போன அன்று சென்னையிலுள்ள இரண்டும் கைகட்டி நிற்கும். மூன்றாவது ஊரில் ஒரு சாட்சிச் சர்வராவது வேண்டும். ஊர்த் தேர்வில் மட்டும் நமக்கு இயற்கையின் உதவி உண்டு: 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டியது தென்மேற்குப் பருவமழை, சென்னையை 2015 டிசம்பரில் மூழ்கடித்தது வடகிழக்குப் பருவமழை. ஐரோலியில் டி.ஆர். வைத்தால் இந்த நன்மை கிடைக்காது. விக்ரோலிக்கும் ஐரோலிக்கும் நடுவே உள்ள ஓடையின் இரு கரையிலும் பெய்வது ஒரே மழைதான்.

பேமே திறக்காத நாளுக்கென வெளியே வைக்கும் அவசரச் சாவிக்கு வரும் எதிர்ப்புதான் எனக்கு மிகவும் புதிராக இருக்கிறது. "ஹெச்.ஏ. இருக்கும்போது பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி உறையில் வைப்பது ஓட்டை" என்கிறார் பாதுகாப்பு அதிகாரி. கோத்ரெஜ் பெட்டகங்களின் பெயரோடு வளர்ந்த விக்ரோலியில் இதைச் சொல்வது வேடிக்கை. நம் வங்கிகளின் காப்பறைகள் இருவர் கூட்டுப் பொறுப்பில் இருக்கும், இருவரும் சாவி போட்டால்தான் கதவு திறக்கும், மாற்றுச் சாவிகள் அதே கிளையில் இல்லாமல் வேறு கிளையில் முத்திரையிட்டு இருக்கும். அதை ஓட்டை என்று எந்த மேலாளரும் சொன்னதில்லை. பெட்டக மென்பொருளிலும் இதற்கு வழி உண்டு. ஆதி ஷமிர் 1979இல் தந்த முறையில் ஒரு சாவியை ஐந்து துண்டாக்கி, எந்த மூன்று சேர்ந்தாலும் திறக்கும்படி செய்யலாம். ஐந்து துண்டும் ஒரே குழுவில், ஒரே மாடியில் உட்காரும் ஆட்களிடம் இருந்தால் அது வேறு கதை.

கிளவுடுக்குப் போனால் தொல்லை தீரும் என்பவர்களுக்கு ஒரு தேதி போதும்: 2021 மார்ச் 15. மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் ஆக்டிவ் டைரக்டரியில், வைத்திருக்க வேண்டும் என்று குறித்திருந்த ஒரு சாவியைத் தானியங்கிச் சுழற்சி நீக்கிவிட்டது. உலகம் முழுதும் லாகின் தடைபட்டது. அங்கே சர்வர்களுக்குப் பஞ்சமில்லை.

கடைசியாக, "ஆறு மாதத்துக்கு ஒருமுறை டி.ஆர். டிரில் செய்கிறோம்." ரிசர்வ் வங்கி 2023 நவம்பரில் வெளியிட்ட ஐ.டி. ஆளுகை வழிகாட்டுதல் முக்கிய அமைப்புகளுக்கு அரையாண்டு டிரில் கேட்கிறது. மாற்று மையத்திலிருந்து ஒரு முழு வேலைநாள் ஓட்டிக் காட்டவும் சொல்கிறது. நல்ல விதி. ஆனால் அந்த டிரிலை நடத்தும் அட்மின்கள் மாற்று மையத்துச் சர்வர்களுக்குள் எதன் வழியாக நுழைகிறார்கள்? விக்ரோலியில் ஓடிக்கொண்டிருக்கும் முதன்மைப் பேம் வழியாகவே நுழைந்தால் அன்று சோதித்தது மற்றவற்றை மட்டும். அடுத்த டிரிலில் முதல் வேலையாக அந்தச் சர்வரை அணைத்துவிட்டு, உறைகளையும் சாவித் துண்டுகளையும் வைத்திருப்பவர்களைக் கூப்பிட்டு, கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கட்டும்.