சுற்றிலும் வெள்ளம், குடிக்கத் தண்ணீர் இல்லை!

2023-ம் ஆண்டு டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னையில் பேய் மழை கொட்டியது. காரணம், "மிச்சாங்" புயல். 5-ந் தேதி அது ஆந்திராவில் கரையைக் கடந்தது. ஆனால் சென்னை மக்களின் துயரம் தீரவில்லை. வேளச்சேரி, பள்ளிக்கரணை பகுதிகளில் வெள்ளம் வடியவில்லை. பல தெருக்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. பாலுக்குத் தாய்மார்கள் அலைந்தார்கள்.

மின்சாரம் போனால்...

மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது. மாடித் தொட்டி வற்றிவிடும். தண்ணீரைச் சுத்தம் செய்யும் கருவியும் நின்றுவிடும். கேன் தண்ணீர் வண்டி வெள்ளத்தைத் தாண்டி வராது. கையில் காசு இருந்தும் பயன் இல்லை! அன்றாடம் வாங்கி அன்றாடம் உண்ணும் நகர வாழ்க்கையின் பலவீனம் இதுதான்.

எவ்வளவு தேவை?

உதவி வந்து சேர 3 நாள் கூட ஆகலாம். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைக்கலாம். 4 பேர் உள்ள வீட்டுக்கு 3 நாளைக்கு 48 லிட்டர். புயல் எச்சரிக்கை வந்ததும், மின்சாரம் இருக்கும்போதே குடங்களை நிரப்பி மூடிவிட வேண்டும். வெள்ளம் கலந்த தொட்டித் தண்ணீரைக் குடிக்கக்கூடாது.

அரிசி மட்டும் போதாது. அதை வேக வைக்கத் தண்ணீரும் அடுப்பும் வேண்டும். அவல், பொட்டுக்கடலை, வெல்லம், ரொட்டி ஆகியவற்றுக்கு அடுப்பு தேவை இல்லை. குழந்தை உள்ள வீட்டில் பால் பவுடர் அவசியம். இவற்றை ஈரம் படாமல் பரணில் வைப்பது நல்லது.

இது பதுக்கல் ஆகாதா? ஆகாது. மழைக்காலத்துக்கு முன்பே மாதச் சாமானுடன் சிறிது சிறிதாக வாங்கினால் யாருக்கும் குறையாது. எச்சரிக்கை வந்த பிறகு எல்லோரும் கடைக்கு ஓடினால்தான் விலை ஏறும். அன்றாடக் கூலி வாங்கிக் கடைசியில் வரும் ஏழைக்கு எதுவும் மிஞ்சாது.